ஒரே வேலைக்கு நான்கு பெயர்கள்

எக்செல்லில் மதிப்பெண் பட்டியல் போடுபவர்கள் இதைக் கவனித்திருப்பார்கள். மாணவர்களுக்குத் தரவரிசை கொடுக்க, கட்டத்தில் சமக்குறி போட்டு ‘ரேங்க்’ என்று தட்டத் தொடங்கியதும் கீழே மூன்று பெயர்கள் விழுகின்றன: ரேங்க், ரேங்க்.ஏவிஜி, ரேங்க்.ஈக்யூ. வெறும் ‘ரேங்க்’ என்ற பெயரின் பக்கத்தில் ஒரு சின்ன மஞ்சள் முக்கோணம். அது எச்சரிக்கையா, அலங்காரமா என்று தெரியாமலே பலர் அந்தப் பெயரைத் தேர்ந்தெடுக்கிறார்கள். விடையும் சரியாகவே வருகிறது. அப்படியானால் மற்ற இரண்டும் எதற்கு?

இன்னொன்று இதைவிட விசித்திரம். இரண்டு தேதிகளைக் கொடுத்தால் இடைவெளியை ஆண்டு, மாதம், நாள் என்று பிரித்துத் தரும் ‘டேட்டடிஃப்’ என்ற வசதி எக்செல்லுக்குள் இருக்கிறது. வயது கணக்கிட இதைவிடக் கைக்கடக்கமான வழி இல்லை. ஆனால் அதன் பெயரைத் தட்டத் தொடங்கினால் பட்டியலில் அது தலைகாட்டாது. முழுப் பெயரையும் தெரிந்து வைத்திருந்து எழுதுபவருக்கு மட்டும் வேலை செய்யும். அதுவும் சில நேரம் தவறாக: 2023 ஜனவரி 31 முதல் மார்ச் 1 வரை, முழு மாதங்கள் போக மீதி எத்தனை நாள் என்று கேட்டால் −2 என்கிறது. முந்தைய மாதத்தின் 31-ஆம் தேதியிலிருந்து எண்ண முயல்கிறது. இல்லாத பிப்ரவரி 31 நழுவி மார்ச் 3 ஆகிவிடுகிறது. மார்ச் 1 அதற்கு இரண்டு நாள் முந்தி நிற்கிறது. நாளைக் கேட்கும் அந்த வகையைப் பயன்படுத்த வேண்டாம் என்று மைக்ரோசாஃப்ட்டே சொல்கிறது. இருந்தும் எடுத்துவிடவில்லை. லோட்டஸ் 1-2-3 என்ற பழைய மென்பொருளில் எழுதிய கணக்குத்தாள்கள் ஓட வேண்டும் என்பதற்காக அது உள்ளே வைக்கப்பட்டது, அப்படியே தங்கிவிட்டது.

தேவைக்கு அதிகமானது ஒன்று, பட்டியலிலேயே இல்லாதது இன்னொன்று. இரண்டையும் தூக்கிப் போட்டுவிட்டுப் புதிதாக ஏன் எழுதக் கூடாது என்ற கேள்வி நியாயமானது. அதற்கு விடை காண எக்செல்லைவிட ஆழத்தில் இருக்கும் ஓர் அடுக்குக்கு இறங்க வேண்டும்.

நூலகம் என்ற இடம்

நிரல் எழுதுபவர் எல்லாவற்றையும் தாமே எழுதுவதில்லை. வர்க்கமூலம் காண்பது, பட்டியலை அகரவரிசைப்படுத்துவது, ஒரு பெயரை ஓரிடத்திலிருந்து இன்னோர் இடத்துக்கு நகலெடுப்பது போன்ற அன்றாட வேலைகளை வேறொருவர் ஏற்கெனவே எழுதி, பெயரிட்டு வைத்திருக்கிறார். அந்தப் பெயரைச் சொல்லி அழைத்தால் வேலை முடிந்துவிடும். அப்படிப் பெயரிட்டு வைத்த ஒரு துண்டு செயற்கூறு. செயற்கூறுகளின் தொகுப்பு நிரல் நூலகம். ‘ரேங்க்’ ஒரு செயற்கூறுதான்.

நூலகத்தை எழுதியவருக்கும் பயன்படுத்துபவருக்கும் நடுவில் இருப்பவை இரண்டே: செயற்கூறின் பெயர், அது என்ன செய்யும் என்று சொல்லும் கையேடு. உள்ளே இருப்பதை யாரும் திறந்து பார்ப்பதில்லை. பார்க்கத் தேவையில்லை என்பதுதான் நூலகத்தின் பயனே. ஆகவே கையேடு மெலிந்திருந்தால் அதன் வேலையும் பெயர் தலையில் விழுகிறது. பெயரைப் பார்த்து ஊகிக்கிறோம். ஊகம் பெரும்பாலும் சரியாக இருக்கிறது என்பதுதான் ஆபத்து. எப்போதும் தவறாக இருந்தால் முதல் நாளே தெரிந்துவிடும்.

எட்டுக் கட்டங்களில் மூன்று ஊர்கள்

சி மொழியில் ஒரு சொல்லை நகலெடுக்கும் செயற்கூறுகளை எடுத்துக்கொள்வோம். 1970-களின் தொடக்கத்தில் பெல் ஆய்வகத்தில் டென்னிஸ் ரிட்சி உருவாக்கிய மொழி அது. இன்றும் லினக்ஸ் இயங்குதளத்தின் கரு பெரும்பாலும் அதில்தான் எழுதப்படுகிறது. சி மொழி ஒரு சொல்லின் நீளத்தைத் தனியே குறித்து வைப்பதில்லை. கடைசி எழுத்துக்குப் பின் ஒரு பூஜ்யத்தை வைக்கும். படிப்பவர் பூஜ்யம் வரும்வரை படித்துக்கொண்டே போக வேண்டும். வராவிட்டால்? போய்க்கொண்டே இருப்பார்.

நினைவகத்தில் எட்டுக் கட்டங்கள் ஒதுக்கியிருக்கிறோம், ஒரு கட்டத்துக்கு ஓர் எழுத்து என்று கொள்வோம். ஆங்கில எழுத்தில் சேலம் 5, திண்டுக்கல் 8, திருநெல்வேலி 11. ‘ஸ்டர்காப்பி’ என்ற மூத்த செயற்கூறுக்குக் கட்டங்கள் எத்தனை என்பதே தெரியாது. சேலத்தை 5 எழுத்தும் ஒரு பூஜ்யமுமாக ஒழுங்காக வைக்கும். திண்டுக்கல்லை வைத்தால் எட்டும் நிரம்பி, பூஜ்யம் ஒன்பதாவது கட்டத்தில் போய் உட்காரும். அந்தக் கட்டம் நம்முடையதல்ல. திருநெல்வேலி பக்கத்து வீட்டின் நான்கு கட்டங்களை அழித்துவிடும்.

அடுத்தது ‘ஸ்டர்-என்-காப்பி’. இதற்கு 8 என்ற எண்ணையும் கொடுக்கலாம், எல்லை தாண்டாது. சேலத்தை வைத்து, மீதி மூன்று கட்டங்களையும் பூஜ்யத்தால் நிரப்பும். திண்டுக்கல்லுக்கு எட்டு எழுத்தும் வரும், ஆனால் பூஜ்யம் வராது. திருநெல்வேலியின் முதல் எட்டு எழுத்து வரும், அப்போதும் பூஜ்யம் கிடையாது. எழுதும்போது ஒரு கேடும் நடக்காது. பிற்பாடு யாரோ படிக்கும்போது அடுத்த வீட்டுக்குள் புகுந்து படிப்பார்கள். பிழையை விதைத்த இடம் ஒன்று, அது முளைக்கும் இடம் வேறு.

மூன்றாவது ‘ஸ்டர்-எல்-காப்பி’. 1998-இல் ஓப்பன்பிஎஸ்டி என்ற இயங்குதளத் திட்டத்தில் டாட் மில்லரும் தியோ டி ராட்டும் கொண்டுவந்தது. இது பூஜ்யத்தை எப்படியும் வைக்கும். திண்டுக்கல்லின் கடைசி எழுத்தை வெட்டி, ஏழு எழுத்தோடு முடிக்கும். முழுப் பெயரின் நீளம் 8 என்று திருப்பிச் சொல்லும். திருநெல்வேலிக்கு 11 என்று சொல்லும். ‘8 அல்லது அதற்கு மேல் வந்தால் பெயர் வெட்டுப்பட்டிருக்கிறது’ என்று அழைத்தவர் புரிந்துகொள்ளலாம். நீளத்தைச் சொல்ல வேண்டும் என்பதற்காக மூலச் சொல்லை அது கடைசிவரை படிக்கிறது. அந்த மூலத்திலேயே பூஜ்யம் இல்லாவிட்டால் பழைய தொல்லைதான். நான்காவது, 2015-இல் லினக்ஸ் கருவுக்குள் வந்த ‘ஸ்டர்-எஸ்-காப்பி’. வெட்டுவதில் மூன்றாவதைப் போலவே. ஆனால் மூலத்தைத் தேவைக்கு மேல் படிக்காது; வெட்டுப்பட்டால் நீளத்துக்குப் பதிலாக −7 என்ற பிழை எண்ணைத் திருப்பித் தரும்.

நான்கும் எண்ணுவது எழுத்தை அல்ல, பைட்டை, அதாவது நினைவகக் கட்டத்தை என்பதையும் போகிற போக்கில் சொல்லிவிட வேண்டும். யூனிக்கோடின் யுடிஎஃப்-8 முறையில் ‘மதுரை’ என்ற தமிழ்ச் சொல்லுக்கு 15 பைட் வேண்டும். எட்டுக் கட்டத்தில் மூன்றாவது செயற்கூறு அதை ஏழு பைட்டில் வெட்டினால் ‘மத’ வந்து, உகரக் குறியின் மூன்றில் ஒரு பங்கு மட்டும் தொங்கி நிற்கும். திரையில் கேள்விக்குறி போட்ட ஒரு சாய்சதுரம் தெரியும்.

பதினான்கு எழுத்துக் காலத்தின் மிச்சம்

இரண்டாவது செயற்கூறு ஏன் இவ்வளவு கோணலாக நடந்துகொள்கிறது? கோணல் நம் பார்வையில்தான். பழைய யூனிக்ஸ் இயங்குதளத்தில் ஒரு கோப்பின் பெயருக்கு ஒதுக்கிய இடம் 14 பைட். பெயர் சரியாக 14 எழுத்து என்றால் முடிவுக்குறி தேவையில்லை, இடமே முடிந்துவிடுகிறது. குறைவாக இருந்தால் மீதியைப் பூஜ்யத்தால் நிரப்ப வேண்டும். அப்போதுதான் இரண்டு பெயர்களைப் பதினான்கு பைட்டும் அப்படியே ஒப்பிட முடியும். அந்த வேலைக்கென்று பிறந்த செயற்கூறு அது. அந்த வேலையைக் கச்சிதமாகவும் செய்கிறது.

இந்தக் காரணம் சி மொழித் தரத்தோடு வெளியிடப்பட்ட விளக்கவுரையில் இருக்கிறது. அதைத் தேடிப் படிப்பவர் குறைவு. பெயரோ ‘ஸ்டர்காப்பி’யோடு ஓர் எழுத்து கூடியது போல இருக்கிறது; கூடுதலாக ஓர் எண்ணைக் கேட்கிறது. ஆகவே ‘இது பாதுகாப்பான ஸ்டர்காப்பி’ என்ற எண்ணம் தலைமுறை தலைமுறையாகப் பரவிவிட்டது. கையேடு பொய் சொல்லவில்லை. பூஜ்யம் வராமல் போகலாம் என்று எச்சரிக்கவும் செய்கிறது. எந்த வேலைக்காக இது இருக்கிறது என்ற ஒரு வரி முன்னால் நின்றிருந்தால் இத்தனை பேர் தடுமாறியிருக்க மாட்டார்கள் என்பது என் கணிப்பு.

மறுபெயரும் சாயலும்

இங்கே ஒரு பிரிவினை செய்தாக வேண்டும். மிகையான செயற்கூறுகள் இரண்டு வகை. ஒரே துண்டுக்கு இரண்டு பெயர் இருந்தால் அது மறுபெயர். வெவ்வேறு துண்டுகள், கிட்டத்தட்ட ஒரே வேலை, ஓரத்தில் மட்டும் வேறுபாடு என்றால் அது சாயல். எக்செல் பட்டியலில் இரண்டும் அடுத்தடுத்து நிற்கின்றன. ரேங்க்கும் ரேங்க்.ஈக்யூவும் மறுபெயர்கள், 2010-இல் புதுப் பெயர் வந்தபோது பழையதைப் பொருத்தத்துக்காக விட்டுவைத்தார்கள், மஞ்சள் முக்கோணத்தின் பொருள் அதுதான். ரேங்க்.ஏவிஜி சாயல்: இரண்டாம் இடத்தில் இரண்டு மாணவர் சமமாக இருந்தால் முதல் இரண்டும் இருவருக்கும் 2 கொடுக்கும், இது இருவருக்கும் 2.5 கொடுக்கும். சமநிலையே இல்லாத வகுப்பில் மூன்றும் ஒரே விடைதான் தரும். அந்த வகுப்பில் மட்டும் சோதித்துப் பார்த்தவர் மூன்றும் ஒன்று என்று சத்தியம் செய்வார்.

மறுபெயர்களை எனக்கு அதிகம் பொருட்படுத்தத் தோன்றவில்லை. பைத்தான் மொழியில் கணிதத்துக்கான நம்பை நூலகத்தில் முடிவிலி என்ற ஒரே மதிப்புக்கு ஐந்து பெயர்கள் இருந்தன. 2024 ஜூனில் வந்த இரண்டாம் பதிப்பில் ஒன்றை வைத்துக்கொண்டு நான்கை நீக்கினார்கள். அந்தப் பதிப்பில் முதன்மைப் பட்டியலின் ஏறத்தாழ 100 பெயர்கள் நீக்கப்பட்டோ, இடம் மாற்றப்பட்டோ, ஓய்வறிவிப்புப் பெற்றோ ஒழுங்குபடுத்தப்பட்டன. ஓய்வறிவிப்பு என்பது ‘இது இப்போதைக்கு வேலை செய்யும், பின்னர் நீக்கப்படும், இதற்குப் பதில் அதைப் பயன்படுத்துங்கள்’ என்று நூலகமே கூப்பிட்டவருக்குச் சொல்வது. பழைய பெயரைப் புதிய பெயராக மாற்றித் தரும் கருவிகளும் வந்தன. மறுபெயரை இயந்திரம் மாற்றலாம், பொருள் மாறாது.

சாயலில் அது நடக்காது. மூன்றாவது நகல் செயற்கூறை நான்காவதாக மாற்றும்படி ஒரு கருவியிடம் சொல்கிறோம் என்று வைத்துக்கொள்வோம். அழைத்த இடத்தில் ‘திரும்பி வந்த எண் 8 அல்லது அதற்கு மேல் என்றால் வெட்டுப்பட்டது’ என்ற சோதனை இருக்கிறது. இப்போது திரும்பி வருவது −7. அது 8-ஐவிடச் சிறியது. ஆகவே திருநெல்வேலி வெட்டுப்பட்ட பின்னும் எல்லாம் நலம் என்று நிரல் மேலே போகும். இதில் ஒரு வேடிக்கையும் உண்டு: 8 என்று எழுதாமல் ‘இந்தப் பெட்டியின் அளவு’ என்று எழுதியிருந்தால், சி மொழி அந்த ஒப்பீட்டில் −7-ஐ ஒரு பிரம்மாண்டமான நேரெண்ணாகப் படித்துவிடும், சோதனை தற்செயலாகச் சரியாக வேலை செய்யும். இரண்டு வரிகளும் பார்வைக்கு ஒரே பொருள்தான்.

ஆக, சாயல்களைக் குறைப்பது அழிக்கும் வேலை அல்ல, படிக்கும் வேலை. செயற்கூறு என்ன செய்கிறது என்பது பாதி. அழைத்தவர் அதன் எந்தக் குணத்தை நம்பி அழைத்தார் என்பது மறுபாதி.

இடத்துக்கு இடம்

லினக்ஸ் கருவைப் பராமரிப்பவர்கள் நடந்துகொண்ட விதம் இதற்கு நல்ல சான்று. ‘ஸ்டர்-என்-காப்பி’யை நீக்குங்கள் என்று மட்டும் அவர்கள் சொல்லவில்லை. ஓய்வறிவிப்புப் பெற்ற செயற்கூறுகளுக்கென்று ஒரு பக்கம் எழுதி, அழைப்பவரின் தேவையை மூன்றாகப் பிரித்தார்கள். முடிவில் பூஜ்யம் இருந்தால் போதும் என்றால் ‘ஸ்டர்-எஸ்-காப்பி’. மீதிக் கட்டங்களும் பூஜ்யமாக வேண்டும் என்றால் அதற்கென்று நிரப்பும் வகை ஒன்று. 14 எழுத்துக் கோப்புப் பெயர் போல முடிவுக்குறியே வேண்டாத இடம் என்றால் மூன்றாவதாக வேறொன்று. அந்தப் பெட்டியில் இருப்பது சொல் அல்ல என்ற குறிப்போடு.

நடுவில் உள்ளதைச் சற்று நின்று பார்க்க வேண்டும். மீதிக் கட்டங்களை யார் பார்க்கப்போகிறார்கள், அங்கே பூஜ்யம் இருந்தால் என்ன, இல்லாவிட்டால் என்ன? கரு ஒரு பெட்டியை முழுதாக ஒரு சாதாரண நிரலுக்குக் கொடுக்கும்போது, நிரப்பாத கட்டங்களில் முன்பு அந்த இடத்திலிருந்த ஏதோ ஒரு தகவல் ஒட்டிக்கொண்டிருக்கும். அது கருவின் அந்தரங்கம். சேலத்தின் பின்னால் மூன்று பூஜ்யங்களை இட்டு அந்தக் கசிவை அடைத்துக்கொண்டிருந்தது பழைய ‘ஸ்டர்-என்-காப்பி’. அழைத்தவருக்கே அது தெரியாமல் இருந்திருக்கலாம். ‘வீண் வேலை’ என்று அந்த நிரப்பலை நீக்குபவர் நல்லெண்ணத்தோடு ஒரு பாதுகாப்புத் துளையைத் திறந்துவிடுவார்.

ஆயிரக்கணக்கான இடங்களை மனிதர் படிப்பது நடக்கிற காரியமா என்று கேட்கலாம். எல்லாவற்றையும் படிக்கத் தேவையில்லை. ‘ஸ்டர்-எல்-காப்பி’யின் விடை எண்ணைக் கவனிக்காமல் விட்ட இடங்களை இயந்திரமே மாற்றிவிட்டது, அங்கே சாயல் மறுபெயர் போலவே நடந்துகொள்ளும். விடை எண்ணைப் பயன்படுத்திய இடங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார்கள். 2015-இல் மாற்று வந்தது. 2024-இல் வெளியான 6.8 பதிப்பில் பழையது நீங்கியது. மெதுவான வேலைதான், ஆனால் முடிகிற வேலை.

எதிர்வாதங்கள்

‘எச்சரித்துவிட்டு நீக்குங்கள், உடைந்தால் சரிசெய்துகொள்வார்கள்’ என்பவர்கள் உண்டு. பைத்தானில் சில வகைப்பெயர்கள் இடம் மாறி, பழைய இடத்துக்கு 2012-இல் ஓய்வறிவிப்பு வந்தது. நீக்கத் திட்டமிட்ட பதிப்பில் இன்னும் பலர் பழையதையே பயன்படுத்துவது தெரிந்து, தள்ளிப்போட்டு, 2021-இல்தான் நீக்கினார்கள். ஒன்பது ஆண்டு அவகாசம். அதுவும் வெறும் மறுபெயருக்கு. அந்த எச்சரிக்கை பெரும்பாலான நேரம் திரையில் காட்டப்படாமல் மறைக்கப்பட்டிருந்தது என்பதையும் சேர்த்துப் பார்த்தால் வியப்பில்லை. காதில் விழாத அறிவிப்பு அறிவிப்பாகாது.

இதைவிட வலுவான எதிர்வாதம்: ‘கையேட்டில் தெளிவாக எழுதிவைத்தால் போதாதா? படிக்காதவர் பாடு.’ சி மொழியில் நினைவகத் துண்டை நகலெடுக்க ‘மெம்காப்பி’, ‘மெம்மூவ்’ என்று இரண்டு சாயல்கள் உண்டு. எடுக்கும் இடமும் வைக்கும் இடமும் ஒன்றின்மேல் ஒன்று படிந்திருந்தால் இரண்டாவதைத்தான் பயன்படுத்த வேண்டும் என்று கையேடு ஐயமின்றிச் சொல்கிறது. ஆனால் பல ஆண்டுகளாக முதலாவது முன்னிருந்து பின்னாக நகலெடுத்ததால், விதியை மீறியவர்களுக்கும் பல நேரம் சரியான விடையே கிடைத்தது. 2010-இல் ஜிலிப்சி எனப்படும் குனு சி நூலகத்தில் வேகத்துக்காகச் சில செயலிகளில் பின்னிருந்து முன்னாக நகலெடுக்கும் முறை வந்தது. ஃபெடோரா 14 என்ற லினக்ஸ் தொகுப்பை வைத்திருந்தவர்களுக்கு 64-பிட் ஃபிளாஷ் பிளேயரில் ஒலி கரகரத்தது. விதியை மீறியது ஃபிளாஷ்தான், ஐயமில்லை. லினக்ஸை உருவாக்கிய லினஸ் டார்வால்ட்ஸோ நூலகத்தின் பக்கத்தையே கேள்வி கேட்டார்: யார் விதியை மீறினார்கள் என்பது ஒலி கெட்டுப்போன பயனருக்கு எதற்கு? 2011-இல் வந்த 2.14 பதிப்பில் ஒரு சமரசம் ஏற்பட்டது. பழைய பதிப்புக்காகத் தயாரித்த நிரல்கள் ‘மெம்காப்பி’ என்று கேட்டால் உள்ளே ‘மெம்மூவ்’ பதில் சொல்லும். புதிதாகத் தயாரிப்பவற்றுக்குப் புதிய வேகமான முறை.

இந்த நிகழ்ச்சி, ஆவணப்படுத்த வேண்டும் என்ற என் வாதத்தைப் பலவீனப்படுத்துவதாகச் சிலருக்குத் தோன்றலாம். கையேடு இருந்தும் உடைந்ததே. கையேடு செயற்கூறின் விதியைச் சொல்கிறது, அழைப்பவரின் பழக்கத்தைச் சொல்வதில்லை. பயனர் பெருகப் பெருக, எழுதப்படாத குணங்களையும் யாரோ ஒருவர் நம்பிக்கொண்டிருப்பார் என்பதை நிரலர்கள் ஹைரம் விதி என்கிறார்கள். ஆவணப்படுத்துவது என்றால் அந்தப் பழக்கத்தையும் தேடிப்போய் எழுதுவது. ஜிலிப்சியின் சமரசம் அப்படிப்பட்டதுதான், சற்றுக் காலங்கடந்து வந்தாலும்.

‘அப்படியானால் எதையும் நீக்கவே கூடாதா’ என்றால், அப்படியும் இல்லை. ‘கெட்ஸ்’ என்ற செயற்கூறு விசைப்பலகையிலிருந்தோ வலையிணைப்பிலிருந்தோ ஒரு வரியைப் படித்துப் பெட்டியில் வைக்கும். பெட்டியின் அளவைக் கேட்காது. அளவைச் சொல்லவும் வழியில்லை. 1988 நவம்பரில் இணையத்தை முடக்கிய மாரிஸ் புழு, 512 பைட் பெட்டிக்குள் அதைவிட நீண்ட வரியை இந்தச் செயற்கூறின் வழியாக அனுப்பித்தான் சில கணினிகளுக்குள் நுழைந்தது. ‘ஸ்டர்-என்-காப்பி’க்குச் சரியாகப் பொருந்தும் ஒரு வேலை உண்டு, ‘ஸ்டர்காப்பி’யைக்கூட அளவை முன்னதாகச் சரிபார்த்துவிட்டு ஆபத்தில்லாமல் அழைக்கலாம். வெளியிலிருந்து என்ன வரும் என்று தெரியாத இடத்தில் கெட்ஸுக்கு அப்படி ஒரு வழி கிடையாது. எவ்வளவு அருமையான கையேடு எழுதினாலும் அதில் ‘பயன்படுத்தாதீர்கள்’ என்ற ஒரே வரிதான் இருக்க முடியும். 2011-இல் வந்த சி மொழித் தரம் அதை நீக்கிவிட்டது. ஜிலிப்சியின் உள்ளே அந்தத் துண்டு இன்னும் இருக்கிறது, முன்பே தயாரித்த நிரல்கள் நின்றுவிடக் கூடாது என்பதற்காக. புதிய தரத்தின்படி எழுதுபவரின் கண்ணில் மட்டும் அது படாது.